கால் சைன் இல்லாதவள்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் கெஞ்சப் போவதில்லை.

பேய்க் கதை சொல்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. வெள்ளைச் சேலை, மல்லிகைப் பூ வாசம், இரவு பன்னிரண்டு மணி, நாய் ஊளை… எத்தனை வருடம் இதையே அரைப்பார்கள்? எனக்கு நடந்தது பட்டப்பகலில். சிவகாசி வெயிலில். சேலையும் கிடையாது, பூவும் கிடையாது. மேசைமேல் பாதி குடித்த சர்பத் இருந்தது, அவ்வளவுதான்.

என் பெயர் காளீஸ்வரன். பிரஸ் வைத்திருக்கிறேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள். கீழே மிஷின்கள், மாடியில் என் அறை. அந்த அறையில் ஒரு ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. ஹாம் ரேடியோ என்பார்கள். பத்தொன்பது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன்.

உடனே "வாக்கி டாக்கி மாதிரியா?" என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். வாக்கி டாக்கியைக் கல்யாண மண்டபத்து செக்யூரிட்டிகூட இடுப்பில் மாட்டியிருக்கிறான். இது அப்படி இல்லை. பரீட்சை எழுத வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். அதற்குப் பிறகு டெல்லியிலிருந்து ஒரு கால் சைன் வரும். வண்டிக்கு நம்பர் போல, ஆளுக்கு ஒரு பெயர். உலகத்தில் வேறு யாருக்கும் அது இருக்காது.

முதலில் வி, யு. அப்படியென்றால் இந்தியா. அடுத்து ஓர் எண். இரண்டு என்றால் பெரிய பரீட்சை எழுதியவன். மூன்று என்றால் சின்னப் பரீட்சை. அதற்குப் பிறகு வருகிற எழுத்துகள்தான் நீங்கள். நான் இரண்டு. மூன்றாம் நம்பர்காரர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

பேசவும் ஒரு முறை உண்டு. கூப்பிடுகிறவர் தன் கால் சைனைச் சொல்வார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இருவரும் பேசியதாக அர்த்தம். சொல்லாவிட்டால் அவர் கூப்பிடவே இல்லை.

ஓவியாவை நான் முதலில் பார்த்தது இந்த அறையில்தான். எம். புதுப்பட்டிப் பெண். இருபத்திரண்டு வயது. அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை. லேபிள் புரூஃப் பார்த்துச் சரி சொல்ல மேனேஜர் அனுப்பியிருந்தார். அவள் புரூஃபைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல நானும் பேசலாமா?"

"கால் சைன் இருக்கா?"

"அப்படின்னா?"

சொன்னேன். பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அது இல்லாமப் பேசுனா என்ன?"

"அது இல்லாட்டி காத்துல நீ ஆளே கெடையாது. நீ கத்துனாலும் கத்தாததுதான்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "அப்ப வாங்கிட்டு வந்து பேசுறேன்" என்றாள். அவள் படியிறங்கிய பிறகு, மிஷின் ஓட்டும் சோணைமுத்துவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து வந்தாள். தானாகப் படித்து, மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணியிருந்தாள். செல்போனில் மார்க்கைக் காட்டினாள். நான் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"சின்னப் பரீட்சதான?"

"ஆமா அண்ணாச்சி."

"மூணாம் நம்பரு. சரி, கால் சைன் வரட்டும். அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"வந்ததும் மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன். நீங்க திருப்பிச் சொல்லணும்."

"வரட்டும். பாப்போம்."

பத்து மாதமாக வரவில்லை. டெல்லிக்காரர்கள் வேகம் அது.

ஆகஸ்ட் 22. வியாழக்கிழமை.

மதியம் 2:17. மேற்கே 'தொம்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதற்கும் நேரம் பார்ப்பது ரேடியோக்காரன் பழக்கம், பார்த்தேன். அதற்குமேல் எழுந்திருக்கவில்லை. சிவகாசியில் ஒரு சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறவன் வெளியூர்க்காரனாக இருப்பான். எவனோ சரக்கை வெடித்து டெஸ்ட் பண்ணுகிறான் என்று நினைத்தேன். டைரி அட்டைக்கு நிறம் பார்ப்பதைத் தொடர்ந்தேன்.

2:20 இருக்கும். வியர்த்தது. சட்டை முதுகில் ஒட்டியது. ஏன் இப்படி வியர்க்கிறது என்று யோசிக்கவில்லை. அறை ரொம்ப அமைதியாக இருந்தது. ஏன் என்று அதையும் யோசிக்கவில்லை.

2:31. ரேடியோவில் ஒரு குரல்.

என் கால் சைன். முழுதாக. பிழையில்லாமல். பிறகு…

"விக்டர் யூனிஃபார்ம் திரீ, எக்ஸ்ரே, ஹோட்டல், டேங்கோ. அண்ணாச்சி, கேக்குதா?"

எழுத்து குழம்பக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்வோம். ஆக, வி யு மூன்று, எக்ஸ் ஹெச் டி. ஓர் எழுத்தை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன். ஊர் வம்புக்காரர்கள் தேடக் கூடாது என்பதற்காக.

குரல் ஓவியாவுடையது. சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் இரைச்சல்கூட இல்லை. ரேடியோவில் எப்போதும் ஒரு 'ஸ்ஸ்' இருக்கும். இது சுத்தமாக இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசுவது போல.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. அவளுக்கு லைசென்ஸ் வந்திருந்தால் எங்கள் வாட்ஸப் குழுவில் அன்றே தம்பட்டம் அடித்திருப்பார்கள். அதுவும் எக்ஸ், ஹெச், டி! எழுத்தை நாமே விருப்பம்போல் கேட்கலாம், இதைப் போய் யாராவது கேட்டு வாங்குவார்களா? புளுகுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டாமா?

மைக்கை எடுத்தேன்.

"யாரு, ஓவியாவா? ஒனக்கு ஏது கால் சைன்? நீயா ஒண்ண வச்சுக்கிட்டியா?"

"வந்துருச்சு அண்ணாச்சி."

"எப்ப?"

யார் பேசினாலும் குறித்து வைக்கிற பதிவு நோட்டைப் பக்கத்தில் இழுத்தேன்.

"…இப்பத்தான்."

"எங்கன இருந்து பேசுற?"

"கம்பெனியில இருந்து."

சிரித்தேன். பட்டாசு கம்பெனிக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். கேட்டைத் தாண்டி ரேடியோவ விட்டாகளாக்கும்?"

"கேட்டெல்லாம் இப்ப இல்ல அண்ணாச்சி."

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை.

"இங்கன இன்னும் மூணு பேரு இருக்காக" என்றாள். "அவுகளுக்குக் கால் சைன் இல்ல. எனக்கு மட்டுந்தான் இருக்கு. நான் சொன்னாத்தான் வெளிய கேக்கும். என் கால் சைனத் திருப்பிச் சொல்லுங்க."

"போலிக்கெல்லாம் நான் பதில் சொல்ற ஆளு இல்ல. வாய மூடு."

பதிவு நோட்டில் எழுதினேன். நேரம் 2:34. அந்தக் கால் சைன். பக்கத்தில் 'போலி'. அடியில் ஒரு கோடு.

மைக்கைக் கொக்கியில் மாட்டினேன். சர்பத் தம்ளரை எடுத்தேன். எனக்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"பெட்டி ஒட்டுற கழுதைக்கு ரேடியோ கேக்குது…"

மைக் கொக்கியில் இருந்தது. பட்டனை நான் அழுத்தவில்லை.

"பெட்டி ஒட்டுற வேலையும் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றாள்.

தம்ளர் நழுவியது.

பட்டனை அழுத்தாமல் நான் பேசுவது யாருக்கும் கேட்காது. யாருக்குமே.

எழுந்தேன். ரேடியோவின் பின்னால் ஆன்டெனா வயரைத் திருகிக் கழற்றினேன். அது இல்லாமல் எந்தக் குரலும் உள்ளே வராது.

"ஒரே ஒரு தடவ சொல்லுங்க…"

வயர் என் கையில் இருந்தது.

வால்யூமை முழுதாகக் குறைத்தேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி…"

அதே சத்தம். கூடவும் இல்லை. குறையவும் இல்லை.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

"…ஒருக்கா…"

2:44. கதவு திறந்தது.

சோணைமுத்து.

"யாரு கூட அண்ணாச்சி இம்புட்டுச் சத்தம் போடுறீக?"

ரேடியோவைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கரண்டு போயி அரை மணி நேரமாச்சே."

மேலே பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. கீழே ஒரு மிஷின்கூட ஓடவில்லை. ரேடியோவில் விளக்கு இல்லை.

"பேட்டரி…" என்றேன்.

"அதத்தான் நேத்து சார்ஜ் போடக் கொண்டுபோனேனே. இன்னும் வாங்கிட்டு வரல."

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பேட்டரி இருந்த இடம் காலி. இரண்டு வயர்கள் தரையில் கிடந்தன.

"விசயம் தெரியுமா?" என்றார். "புதுப்பட்டியில வெடி விபத்தாம். ரெண்டே காலுக்கு. ரூமே தரமட்டம். கேட்டுச் சுவரு வரைக்கும் போயிருச்சாம்."

"எத்தன பேரு?" என்றேன்.

"நாலு பேரு போயிட்டாகன்னு சொல்லுறாக."

நான்காவது பெயரை நான் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

அவளுடைய இறுதிச் சடங்குக்கு நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். சீசன் நேரம் என்று சொல்லிக்கொண்டேன். பயம் என்பதற்கு எத்தனை பெயர் வைத்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை.

மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். வெயில், அதிர்ச்சி, குற்ற உணர்ச்சி என்றார். நல்ல பெரிய டாக்டர். என்ன பிரயோஜனம்? 2:31-க்கு எனக்கு ஏது குற்ற உணர்ச்சி? அவள் செத்ததே எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு இருந்தது திமிர் ஒன்றுதான். அதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

அக்டோபர் 9. காலை 10:40.

ஓவியாவின் அம்மா மாரித்தாய் படியேறி வந்தார். கையில் ஒரு தபால் கவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவ பேருக்கு இது வந்துச்சு. எல்லாம் இங்கிலீசா இருக்கு. கம்பெனியில காட்டுனேன், உங்களுக்குத்தான் தெரியும்னாக."

பிரித்தேன். ஹாம் லைசென்ஸ். ஓவியா, தகப்பன் பெயர் முனியசாமி, எம். புதுப்பட்டி. அதற்குக் கீழே கால் சைன்.

படித்தேன். மறுபடியும் படித்தேன். பதிவு நோட்டைத் திறந்தேன்; 'போலி' என்று எழுதியதற்குப் பக்கத்தில் அதே எழுத்துகள்.

"என்ன போட்டுருக்கு?"

"பேரு… அவளுக்குன்னு ஒரு பேரு குடுத்திருக்காக."

"இதுக்குத்தான தெனமும் தபால்காரர வழி மறிச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எடுத்தார். "என்ன பேருன்னு சத்தமாச் சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கிடணும்."

எழுந்து நின்றேன். ஒரு மூன்றாம் நம்பருக்காக நான் எழுந்து நின்றது அன்றுதான்.

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"எக்ஸ்ரேன்னா ஆசுபத்திரியில எடுப்பாகளே, அதா?"

"அந்தச் சொல்லுதான்."

அவர் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் தப்பாக வந்தது. கவரை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் டெல்லிக்குப் போன் போட்டேன். லைசென்ஸ் பிரிவில் ஒருவர் எடுத்தார். அந்தப் பெண் விருப்பமாகக் கேட்ட மூன்று கால் சைன்களும் ஏற்கெனவே வேறு ஆட்களிடம் இருக்கின்றன என்றார். அதனால் கம்ப்யூட்டரே காலியாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

எப்போது என்று கேட்டேன்.

"செப்டம்பர் 30, காலை 11:06" என்றார்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் இத்தனை வருடம் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தேனே, அதே சிரிப்பு. "எங்களுக்கே தெரியாதே சார்" என்றார்.

முப்பத்தொன்பது நாள். அவள் செத்து முப்பத்தொன்பது நாள் கழித்துத்தான் அந்தப் பெயர் அவளுடையதானது.

வெயில் என்பீர்கள். மனப்பிரமை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், உங்களைப் போன்றவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆகஸ்ட் 22 மதியம் இரண்டரை மணிக்கு, அவளுக்கு அதைக் கொடுத்தது யார்?