தலையில் எண்ணெய் வைக்காதவர்

கொதிக்கிற அண்டாவுக்குள் மூங்கில் கோலில் மாட்டிய பட்டு நூல் கழியைப் புரட்டிக்கொண்டேதான் யேசுதாஸ் பேசுவார். ஆவி எழும்பி முகத்தை மூடும். சற்று நேரம் குரல் மட்டும் மிதக்கும். பிறகு மூக்கு தெரியும், மீசை தெரியும், கடைசியாகச் சிரிப்பு. சின்ன காஞ்சிபுரத்து அந்தச் சாயப்பட்டறையில் கணக்கெழுத உட்கார்ந்தால் விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை.

அவருக்கு முழங்கை வரை அரக்குச் சிவப்பு. தலைமயிர் தேங்காய் நார். "எண்ணெ பட்ட எடத்துல சாயம் ஏறாதுபா. பட்டு மொரண்டு பிடிக்கும்" என்பார். தீபாவளிக்குக்கூட எண்ணெய்க் குளியல் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்பு வரை அவர் தணிகாசலம். மனைவி தேவகியோடு மாதா கோயிலுக்குப் போய்ப் போய், நாற்பது வயதில் ஞானஸ்நானம் பெற்றார். தண்ணீருக்குப் பேசாமல் தலையைக் காட்டியவர், சுவாமியார் பரிமளத் தைலத்தோடு உச்சந்தலையை நெருங்கியதும் பின்வாங்கிவிட்டாராம். "சாமி, எண்ணெ வேணாம். நாளைக்கு அண்டா வேல இருக்குது." கோயிலே சிரித்தது. சுவாமியார் சிரிக்கவில்லை. "கிறிஸ்து பெற்ற அபிஷேகம் இது. இன்றுமுதல் நீயும் குரு, நீயும் அரசன், நீயும் தீர்க்கதரிசி" என்று சொல்லி, அழுத்தித் தடவினார்.

குருவும் அரசனும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. தீர்க்கதரிசிதான் தூங்கவிடவில்லை. தெருவும் சும்மா விடுமா? "தீர்க்கதரிசியாரே, இன்னிக்கு மழ வருமா?"

"எனக்கு இன்னாபா தெரியும்? சாமியாரையே கேட்டேன். தீர்க்கதரிசின்னா நாளைக்கு நடக்கப் போறத சொல்றவன் இல்லியாம். கண்ணு எதிர்ல இருக்கிறத பயப்படாம சொல்றவனாம். மழயச் சொல்லிட்டுப் போயிடலாம். இதுதான் கஷ்டம்."

அந்தக் கஷ்டம் சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. கல்யாண மாதம். முதலாளி ராஜகோபால் அவசரப்பட்டு, ஓர் அரக்குக் கழியைப் பாதிக் கொதியிலேயே எடுக்க வைத்திருந்தார். அது ஒரு சந்தன நிறச் சேலைக்குக் கரையாகிவிட்டது. அதை வாங்கத்தான் மாகறலிலிருந்து தயாவதி அம்மாள் மகளோடு பட்டறைக்கே வந்திருந்தார்.

"அவங்க எதிர்ல வாயத் தெறந்தியானா நாளையிலர்ந்து வராத" என்று முதலாளி காலையிலேயே சொல்லியாயிற்று. பத்து வயதிலிருந்து அண்டாவைத் தவிர வேறு பிழைப்பு அறியாதவர் யேசுதாஸ். பேசிவிடாதே மனுஷா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தயாவதி அம்மாள் சேலையை மகளின் தோளில் போட்டு அழகு பார்த்தார். அந்தப் பெண் முகத்தில் அப்போதே கல்யாணக் களை.

ஆவிக்குள்ளிருந்து யேசுதாஸ் வந்தார். வலது கையை ஒருமுறை உச்சந்தலையில் வைத்தார்.

"வேணாம்மா. மொதத் தண்ணியிலயே சாயம் போவும். சேல பூரா செவப்பு திட்டுத் திட்டா ஆயிடும். சாயம் போட்டவன் நான்தான். பாதிக் கொதியில எடுத்தது."

அம்மாள் சேலையை மெதுவாக எடுத்து மடித்தார். முதலாளி யேசுதாஸுக்கு வாசலைக் காட்டினார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டார். வாசல்படிவரை போனவர் நின்றார். அண்டாவில் இன்னொரு கழி பாதி வெந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தார். நாலு வருஷத்துக்கு முன்பு தடவிய எண்ணெய் இன்னும் ஒட்டியிருப்பதுபோல, உச்சியைத் தொட்ட கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கோலை எடுத்தார்.