லென்ஸ் பாடமும் ஐந்தாண்டு இலக்கும்

இன்று ஒரு கல்லூரியின் ஐந்தாண்டு இலக்கை முடிவு செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். (நான் பத்தாம் வகுப்பு!)

அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரியில் பி.எட். படிப்பவர்கள் எங்களிடம்தான் பாடம் நடத்திப் பழகுவார்கள். அப்படி வந்தவர் சுபி டீச்சர்.

அவருக்கு மதிப்பெண் போடக் கல்லூரிப் பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்.

அதற்காகவே லென்ஸ் பாடத்தை முன்கூட்டியே இரண்டு தடவை நடத்தி, யார் எந்தக் கேள்விக்கு எழுந்து பதில் சொல்வது என்பதுவரை ஒத்திகை முடிந்துவிடும். (குழிலென்ஸ் எனக்கு, குவிலென்ஸ் என் தோழி பர்வீனுக்கு.)

பேராசிரியர் வரும் நாளில் நாங்கள் எல்லோரும் அறிவாளிகள்!

அடுத்த பாடமான வெப்ப இயற்பியலை மட்டும் இன்னும் தொடவே இல்லை. பொதுத்தேர்வோ நெருங்குகிறது.

இதைக் கல்லூரியின் இலக்குக் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று போனேன்.

வாசலிலேயே பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) கொடுத்தார்கள்.

"ஏட்டி, சும்மா தருவினுமா? நம்ம வாய அடைக்கதுக்காக்கும்" என்றாள் பர்வீன். (அவள் வாய் ஏற்கெனவே அடைந்துதான் இருந்தது.)

சுபி டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மக்ளே, நீ உள்ள என்ன பேசப் போற?"

"இன்னும் யோசிக்கல்ல டீச்சர்." (பொய்.)

வேவு பார்க்க அவரை அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்!

உள்ளே திரையில் 'நமது இலக்குகள்' என்று இருந்தது. கீழே காலியிடம். ஒவ்வொருவராக எழுந்து "உலகத்தரம்" என்றார்கள். எந்த உலகம் என்று யாரும் கேட்கவில்லை.

"இனி பிள்ளைகள் சொல்லட்டும். பயப்படப்பிடாது" என்றார் பேராசிரியர்.

பெரியவர்கள் இப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். ஆனாலும் எழுந்தேன்.

"சார், நீங்க வரும்போ நாங்க சொல்லுற பதிலெல்லாம் முன்னாடியே படிச்சு வச்சதாக்கும். நீங்க வாற அன்னைக்கு டீச்சர்மாரு புதுப் பாடம் நடத்தணும். அத இலக்கா வைங்க."

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த டீச்சர்?"

அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னது நேராக சுபி டீச்சரின் மதிப்பெண்ணில் போய் விழப்போகிறது! டக்கென்று உட்கார்ந்துவிட்டேன். பர்வீன் தரையைப் பார்த்தாள்.

சுபி டீச்சரே எழுந்தார்.

"நான்தான் சார். நானே சொல்லணும்னு இருந்தேன், தைரியம் வரல்ல. இவளாவது சொல்லுவாளான்னுதான் வெளிய வச்சுக் கேட்டேன்."

(என் முகம் போன போக்கை எழுத மாட்டேன்.)

பேராசிரியர் சுபி டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

"மார்க் குறைக்க மாட்டேன். திங்கட்கிழமை வாறேன். வெப்பம் நடத்து, புதுசா."

திரையில் முதல் இலக்காக 'பார்வையிடும் நாளில் புதுப் பாடம்' ஏறியது. கைதட்டல்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருக்கலாம்.

வெளியே வரும்போது வராந்தாவில் கல்லூரி மேடம் ஒருவர் சுபி டீச்சரின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை சொதப்பிராத. நாளைக்கே பிள்ளையளுக்கு வெப்பத்த ஒருக்கா நடத்திப் பாத்திரு, கேட்டியா?"

சுபி டீச்சர் தலையை ஆட்டினார். சரி என்றா, மாட்டேன் என்றா? எனக்குப் பிடிபடவில்லை.

நாளை காலை அவர் வெப்பப் பாடத்தைத் திறந்தால் நான் கவனிக்க வேண்டுமா, காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா?

பரீட்சை எனக்கு, மார்க் அவருக்கு. நியாயமான பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள் மக்களே!