மேஸ்திரி மூன்று தரம் கட்டிய சுவர்

துரைக்கண்ணு மேஸ்திரி கட்டி எந்தச் சுவரும் விழுந்ததில்லை. புயல் வந்தது, வெள்ளம் வந்தது, ஒரு தரம் லாரியே வந்து முட்டியது, லாரிதான் நசுங்கியது. ஏழாங்கிளாஸைத் தாண்டாத மனுஷன். ஆனால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் இன்ஜினீயர்கள் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் சுவர் ஒரே மாதத்தில் ரெண்டு தரம் விழுந்துவிட்டது. அதுவும் அவர் படித்த மணல்மேட்டுப் பள்ளிக்கூடத்தில்.

பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற ஓட்டை. பசங்க ஓடிப்போகிற வழி என்றார்கள். அதை அடைத்த சுவர்தான் ரெண்டு தரமும் விழுந்தது. நூற்றாண்டு விழா வருகிறது, திங்கட்கிழமை விழுப்புரத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார். தலைமையாசிரியை கலைப்பிரியா கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்:

"ஒரு ஓட்டைய அடைக்க முடியல. உங்கள நம்பி எப்படி மேஸ்திரி நூற்றாண்டுக் கலையரங்கத்தக் குடுக்கறது? விழுப்புரத்து காண்ட்ராக்டர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்."

கலையரங்கம் என்றால் வாசலில் கல்வெட்டு உண்டு. கட்டியவர் பெயர் அதில் வரும். கழிப்பறை, சைக்கிள் ஷெட், லேப் எல்லாம் அவர் கைவேலைதான். ஒன்றிலும் பெயர் இல்லை. ஏழாங்கிளாஸை முடிக்காதவன் பெயர் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் கல்லில் நிற்க வேண்டும். இந்த ஆசை வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மூன்றாம் தரமும் கட்டினார். வியாழன் விடியுமுன்னே எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று பேர்தான். எழுந்தார், துண்டை உதறினார், ரோட்டைத் தாண்டிப்போய் ஈரக் கலவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். டீ ஆறிப்போனது. அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. பசங்க உதைத்திருந்தால் கல் உடைந்திருக்கும். போன ரெண்டு தரமும் ஒரு கல்கூட உடையவில்லை. கலவையைச் சுரண்டிவிட்டு ஓரமாக அடுக்கியிருந்தது. பொறுப்பான கை.

ஆறு மணிக்கு அந்தக் கை வந்தது. அம்மணி. பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். அவரோடு அதே ஏழாங்கிளாஸில் உட்கார்ந்தவள். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கடப்பாரையை வைத்து நெம்பினாள். மேஸ்திரி ஒரே ஓட்டமாக ஓடினார்.

"ஏ அம்மணி, கைய எடு! யாரு சொவுருன்னு தெரியுமா?"

"தெரியும்யா. ஊரெல்லாம் நீயே சொல்லிக்கினு திரியறியே." அவள் நிமிரவில்லை. "கலவ நல்லாத்தான் போட்டுருக்க. காஞ்சிட்டா எனக்குக் கஷ்டம், அதான் ஜல்தியா வந்தேன்."

"பசங்க ஓடட்டும்னுதான் இப்பிடி பேஜாரு பண்றியா?"

"ஓடுனவன் நீ ஒருத்தன்தான். கணக்கு சார் அடிச்சாருன்னு ஆறு மாசம் காம்பஸால சுண்ணாம்ப நோண்டி, இந்த ஓட்டைய போட்டுக்கினு போனியே, மறந்துட்டியா? இத்தினி வருசம் நான் யாருகிட்டனா சொன்னேனா?" கல்லை எடுத்து அடுக்கினாள். "ஒம்போது மணிக்கு இங்கயே நில்லு. அப்பால பேசு."

நின்றார். கூட்டேரிப்பட்டு பஸ் பின்தெருவில் ஒன்பது பத்துக்கு வந்தது. ஒன்பதே காலுக்கு முன்கேட்டைச் சாத்திவிடுவார்கள். சுற்றிப்போகக் கால் மணி நேரம் ஆகும். இருபது இருபத்தைந்து பெண்பிள்ளைகள் ஓடி வந்து, குனிந்து குனிந்து உள்ளே போனார்கள்.

"வெண்ணிலா, தலை பத்தரம்!" என்று முதலில் நுழைந்தவளை அதட்டினாள் அம்மணி. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மொத தரம் நீ அடைச்சப்ப நாலு நாளு கேட்டாண்ட நின்னுச்சுங்க. அஞ்சாம் நாளு ரெண்டு பொண்ணு கடலக் கொல்லைல கூலிக்கு மல்லாட்டை புடுங்கப் போயிடுச்சு. நீ வெளிய போன வழிலதான்யா இதுங்க உள்ள வருதுங்க. அடைக்கறதுன்னா அடை. கடப்பாரை எங்கிட்ட இருக்குது."

அன்றைக்கு அவர் ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஒலக்கூரில் தளம் போடுகிற இடத்துக்குக் கிளம்பி, பாதியிலேயே வண்டியைத் திருப்பினார். வீட்டில் தன் புது குடோனுக்கென்று செய்து வைத்திருந்த இரும்புக் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே சுத்தியலை எடுத்துச் சுவரை இடித்தார். சத்தம் கேட்டுக் கலைப்பிரியா ஓடி வந்தார்.

"அடைக்கச் சொன்னா இடிக்கிறீங்களே மேஸ்திரி!"

"மொதல்ல இடிச்சவனும் நான்தான் மேடம். ஏழாங்கிளாஸ் படிக்கறப்ப. இப்ப ஒழுங்கா இடிக்கறேன்." பஸ் சங்கதியைச் சொன்னார். கடப்பாரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

சுவரோரம் அவர் கொண்டுவந்து சாய்த்திருந்த இரும்புக் கதவைக் கலைப்பிரியா பார்த்தார். "அனுமதி இல்லாம இத வச்சிட்டா, கலையரங்கம் உங்களுக்குக் கிடையாது. தெரியுமில்ல?"

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "தெரியுங்க."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அம்மணிகிட்ட."

"அதிகாரிக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புதுக் கதவருகே நின்றார். முன்பக்கம் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. பஸ்ஸைக் காணோம். முக்குவரைக்கும் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். ஒன்பது பன்னிரண்டுக்கு பஸ் வந்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கதவு பப்பரப்பே என்று திறந்திருக்க, வெண்ணிலா பழக்கத்தில் தலை குனிந்துகொண்டு நுழைந்தாள். பின்னால் வந்ததுகளும் அப்படியே குனிந்தன.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. மைதானத்தில் நின்ற அதிகாரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்:

"ஏம்மா, எதுக்குக் குனியறீங்க? ஏழடி வச்சிருக்கேன்! தொரைக்கண்ணு வச்ச வாசல், தலை இடிக்காது!"