அடிக்காத அலாரமும் பக்கத்து வீட்டு அக்காவும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. வீடு என்றால், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். அப்போதுதான் எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்திருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பிள்ளைகளைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. காலை ஆறரைக்குக் கதவைத் திறப்பதுதான் கஷ்டம். சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் பிந்தினால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாமார் வாசலில் நிற்க வேண்டும். பிறகு அவர்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்துவார்கள். பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் வேலையாகத்தான் பதிவார்கள். நான் ஒருத்தி தூங்கினால் பதினைந்து பேருடைய நாள் பாழாகும்.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலைப் பெக்டரியில் இரவு வேலை. காலை ஏழு மணிக்குப் பிறகுதான் வருவார். வீட்டில் நானும் ஏழு வயது மகளும் மட்டும். அதனால் என்னை எழுப்ப இருந்தது போன் ஒன்றுதான். நாலே முக்காலுக்கு அலாரம், அதற்கு ஒரு அம்மன் பாட்டு. எங்கள் லயத்தில் எல்லோரும் பசறையில் ஒரே கடையில்தான் போனுக்குப் பாட்டு ஏற்றுவோம். ஆகவே யார் போனை எடுத்தாலும் அதே அம்மன் பாட்டுகள்தான் இருக்கும்.

ஏழு வாரம் ஒரு குறையும் இல்லாமல் அந்தப் பாட்டு என்னை எழுப்பியது. எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணைத் திறந்தால் ஜன்னல் வெளுத்திருக்கிறது. ஓடினேன். நான் போய்ச் சேரும்போது ஆறு ஐம்பது. அம்மாமார் பிள்ளைகளை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்கள். வெல்பெயார் ஐயா, அதாவது எங்கள் தோட்டத்து நலன்புரி அதிகாரி, சத்தம் போடவில்லை. "புது ஆளு, பரவால்ல. பாத்து நடந்துக்கம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனைப் பார்த்தால் அலாரம் அடித்து ஓய்ந்ததாகக் காட்டுகிறது. எனக்கு ஏன் கேட்கவில்லை? மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் இரண்டு நிமிடத்தில் அடிக்கும்படி வைத்துப் பார்த்தேன். ஊரைக் கூட்டுகிற மாதிரி அடித்தது. தூங்கிய பிள்ளைகளில் இரண்டு எழுந்து அழுததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பசறைக்குக் கொண்டுபோய்க் கடைத் தம்பியிடமும் காட்டினேன். சத்தத்தைப் பார்த்தார், பற்றரியைப் பார்த்தார், அடிக்கவும் வைத்துப் பார்த்தார். "போன்ல ஒண்ணும் இல்லக்கா" என்று கையில் கொடுத்துவிட்டார்.

போனில் ஒன்றும் இல்லை என்றால் ஆளில்தானே இருக்க வேண்டும்? அங்கே தொடங்கியது என் புத்தி கெட்ட வேலை.

பக்கத்து வீட்டு அக்காவும் இதே வேலைக்கு மனுப் போட்டவர். நேர்முகத்துக்குப் போனதே நாங்கள் இரண்டு பேர்தான். பதினெட்டு வருடம் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்து, மலையேற முடியாமல் வீட்டோடு இருந்தார். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுக் குறைந்திருந்தது. என் வேலை போனால் அடுத்த ஆள் அவர்தான் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. நான் பிந்திய அன்று விடியற்காலையிலேயே அவர் வீட்டில் அம்மன் பாட்டு கேட்டது எனக்கு அரைத்தூக்கத்தில் ஞாபகம் இருந்தது. நான் தூங்கிக் கெடும்போது இவருக்கு என்ன பாட்டு வேண்டியிருக்கிறது? லயத்துப் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "பிந்திட்டியாமே?" என்று வேறு கேட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி உண்டு. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் போன் வைக்கும் தட்டு. ஒரு நீளக் குச்சி இருந்தால் போதாதா? இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் ஸ்டூலில் ஏறி நின்று, என் வீட்டு விளக்குமாற்றால் அந்தத் தூரத்தை அளந்தே பார்த்தேன்.

மகள் பின்னேரம் அவர் வீட்டுக்கு டீவி பார்க்கப் போவாள். "அந்தப் பெரியம்மா போனக் கேட்டாங்களா? வீட்டு விசயம் ஏதாச்சும் கேட்டாங்களா?" என்று துருவினேன். இல்லை என்றாள். நம்பவில்லை. அன்றோடு அங்கே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது தடவை அடுத்த வாரம் வியாழக்கிழமை. முதல் நாள் இரவு போனைப் பழைய சேலைத் துணியில் கட்டி, முடிச்சின் மேல் மஞ்சள் நூல் சுற்றி வைத்திருந்தேன். காலையில் எழுந்தால் மணி ஆறரை தாண்டிவிட்டது. நூல் அப்படியே இருந்தது. அலாரம் அடித்து ஓய்ந்ததாக மறுபடியும் போன் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் அந்த நூலைப் பார்த்ததும் சந்தேகத்தை விட்டிருப்பார்கள். நான் செய்வினை என்று முடிவு கட்டி, நிலையில் எலுமிச்சம்பழம் கட்டினேன். "நீதான் தூக்கத்துல அமத்தியிருப்ப" என்ற வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தத் தடவை வெல்பெயார் ஐயாவின் குரல் மாறியிருந்தது. "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா, வேற ஆளத்தான் போடணும்மா."

அன்று பின்னேரம் பீலியில் பக்கத்து வீட்டு அக்கா நின்றார். நாலு பேர் கேட்க, யாரையும் பார்க்காமல் நான் சொன்னேன்: "சில பேருக்கு அடுத்தவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாட்டி தூக்கமே வராது." அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். பிறகு பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எனக்குள் திருப்தி.

மூன்றாவது தடவை திங்கட்கிழமை. எழும்போதே மணி ஆறு ஐம்பது. தலை வாராமல், செருப்பும் போடாமல் மழைச் சேற்றில் ஓடினேன். வேலை போய்விட்டது, அது நிச்சயம். வளைவு திரும்பியதும் பிள்ளைக் காம்பரா வாசல் தெரிந்தது. அம்மாமார் யாரும் இல்லை. எல்லோரும் பெரட்டுக்குப் போயிருந்தார்கள். படியில் பாயை விரித்து, பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைக்குழந்தை, சுற்றி மற்றப் பிள்ளைகள். குளிருக்குத் தன் சால்வையைப் போர்த்தி மூன்று பேரை மூடியிருந்தார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "நான் பிந்துவேன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? முன்னாலேயே வந்து எடம் புடிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே வெல்பெயார் ஐயாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நான் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவருக்கு. "மழைங்களே ஐயா, புள்ளைங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு கூட வந்தேன்" என்றார். ஐயா தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்போதும் என் மனசு அடங்கவில்லை. இதில் என்ன சூழ்ச்சி என்றுதான் ஓடியது. ஐயா போனதும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "நாலே முக்காலுக்கு ஒன் பாட்டு என் வீட்டுல அலறுது. எந்திரிச்சா ஒன் வீட்டுல ஒரு ஏனச் சத்தம் இல்ல. முன்னயும் ரெண்டு வாட்டி இப்பிடித்தான். அப்ப நீ எந்திரிச்சிருப்பேன்னு நெனச்சேன். இன்னைக்கு ஆறு மணி ஆகியும் வெளக்கு எரியல. அதான் வந்தேன்."

என் பாட்டு அவர் வீட்டில் எப்படி அலறும்? எனக்கு விளங்கவில்லை, நம்பவும் இல்லை. "சாயந்தரம் வந்து நீயே பாரு" என்றார்.

ஐந்து மணிக்குப் போனேன். அவர் வீட்டு மேசையில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் சார்ஜில் இருந்தது. அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நாங்கள் நல்லாயிருந்த காலத்தில், அவர் மகளின் சடங்குக்கு என் போனைச் சேர்த்துத்தான் அதில் பாட்டுப் போட்டோம். பிறகு அவர் மகன் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார். தீபாவளிக்கு வந்தபோது திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அதை அணைக்க மறந்த இரவுகளில், என் போன் சுவர் தாண்டிப் போய் அதோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. மகள் இயர்போனில் பாட்டுக் கேட்பதற்காக நான் புளூடூத்தை அணைப்பதே இல்லை. பிள்ளைக் காம்பராவிலும் பசறையிலும் அந்த ஸ்பீக்கர் இல்லை, அதனால்தான் அங்கே ஒழுங்காக அடித்திருக்கிறது.

என் வீட்டுக்குப் போய் ஒரு நிமிடத்தில் அடிக்கும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். என் கையில் இருந்த போன் திரை மினுங்கியது, சத்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் பாட்டு கணீரென்று தொடங்கியது.

திரும்பிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர்தான் பேசினார்: "வேல கெடச்சத சொல்லிக் காட்டத்தான் நீ வேணும்னே போடுறேன்னு நானும் நெனச்சேன். எனக்கும் கோவந்தான்."

"அப்ப ஏங்க்கா வந்தீங்க?"

"அரைப்பேரு விழுந்தா என்ன பாடுன்னு எனக்குத் தெரியாதா? புள்ளைங்க வேற மழையில நிக்கும்."

ஆனாலும் கேட்டேன். "என் கதவ ஒரு தட்டுத் தட்டியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேனே அக்கா?"

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கதவு வரைக்கும் வந்தேன். பீலியில நீ பேசுனது ஞாபகம் வந்துச்சு. தட்டுனா அதுக்கும் ஏதாச்சும் சொல்லுவியோன்னு திரும்பிட்டேன்."

மறுநாள் காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைக் காம்பரா வாசலில், பீலியில் என் பேச்சைக் கேட்டவர்களும் நிற்கும்போதே, நடந்ததை எல்லாம் சொல்லி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மகள் மறுபடி அங்கே டீவி பார்க்கப் போகிறாள். என் வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

இப்போதும் யார் மேலாவது சட்டென்று சந்தேகம் எழுந்தால், இருட்டில், மழையில், என்னை எழுப்பவென்று வந்து என் வாய்க்குப் பயந்து கதவடியிலிருந்து திரும்பிப் போன அந்த அக்காவை நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.