குடைப் பாட்டை எழுதியவர்

பாடகர்கள் மேல் ராஜரத்தினத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. பாடுகிறவனுக்குத் தொண்டையும் வாசிக்கிறவனுக்கு விரலும் கடவுள் கொடுத்தவை, எழுதுகிறவன்தான் சொந்தமாகக் கைமுதல் போடுகிறான் என்பது அவர் கட்சி. பைக்காராவுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், தேயிலை ஃபாக்டரியில் வேலை. அக்கரையில், இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கப்பலேறி வந்தவர். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, மனைவி தெய்வம்மா, தலை நிறைய இலங்கைப் பொப் பாட்டு.

சாயங்காலமானால் மருதாசலத்தின் டீக்கடையில் இலங்கை ரேடியோ பாடும். அறிவிப்பாளர் பாடியவர் பெயரைச் சொல்வார். கேட்கச் சொன்ன நேயர்களை மாமன் மச்சானோடு ஒப்பிப்பார். எழுதியவரை மட்டும் விட்டுவிடுவார்.

"யாரோ எழுதுனதாம். அந்த யாரோவுக்கு அப்பன் ஆத்தா பேரு வைக்கலையா?" என்று ராஜரத்தினம் டம்ளரைப் பலகையில் குத்துவார்.

"ஏனுங்க, அதுக்கு என்ர டம்ளர் என்ன பண்ணுச்சுங்க?" என்பார் மருதாசலம்.

ராஜரத்தினத்துக்கு உயிர், குடைப் பாட்டு. ஒரே குடைக்குள் நாலு பேர் நுழைந்து, நாலு பேருமே நனைந்து போகிற கூத்து அது. மெட்டு துள்ளும், ஆனாலும் முடியும்போது அழவைக்கும். எழுதியவர் மஸ்கெலியா லிங்கசாமி என்று அக்கரையில் ஒரு மேடையில் சொல்லக் கேட்டிருந்தார். ஆளைப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வரிசை வீடுகளில் பக்கத்து லயத்துக் காத்தமுத்து குழாயடியில் துணி துவைத்தபடி அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். இசைத்தட்டில் இல்லாத ஒரு சரணம் கூடவே வந்தது. ராஜரத்தினம் குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இந்த அடி ஏது அண்ணே?"

காத்தமுத்து சுற்றிலும் பார்த்தார். "நான் எழுதுனதுதான் தம்பி. நீளமா இருக்குன்னு வெட்டிட்டாங்க."

காத்தமுத்து என்பது அவர் கப்பலில் வந்த பெயர். எஸ்டேட் பதிவில் அவருக்குத் தங்கையான கருப்பம்மாவின் சொந்த அண்ணன் காத்தமுத்து, இந்தியா திரும்பப் பதிவெல்லாம் முடிந்த பிறகு அக்கரையிலேயே காய்ச்சலில் செத்துப்போனார். அந்த இடத்தில் ஏறி வந்தவர் லிங்கசாமி. எஸ்டேட் வேலையும் லயத்து அறையும் அந்தப் பெயருக்குத்தான். வெளியே தெரிந்தால் அவரோடு கருப்பம்மாவும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டும். லயத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆனால் அங்கே யாரும் யாரிடமும் அக்கரைப் பேரைக் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. ராஜரத்தினமும் வெளியே சொல்வதில்லையென்று தெய்வம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்தபோது மனசாரத்தான் செய்தார்.

மாரியம்மன் திருவிழா வந்தது. குன்னூரிலிருந்து பாட்டுக் குழு. முன்வரிசை நாற்காலியில் பெரிய கிளார்க் தங்கமணி, குடும்பத்தோடு. குடைப் பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. குழுக்காரன் மைக்கில் பாடகரின் பெயரைச் சொன்னான். "எழுதுனது யாரோ, நல்லா எழுதியிருக்காங்க" என்று சிரித்தான்.

அந்த 'யாரோ' ராஜரத்தினத்தை மேடையேற்றிவிட்டது. ஆசை வெட்கமறியாது என்பார்கள், சத்தியத்தையும் அது அறியாது போலிருக்கிறது. மைக்கை வாங்கினார்.

"எழுதுனவரு இங்கதான் குந்தியிருக்காரு. மஸ்கெலியா லிங்கசாமி. எந்திரிங்க அண்ணே, சனம் பாக்கட்டும்."

யாரும் கைதட்டவில்லை. லயத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். கருப்பம்மா சின்னப் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் ராஜரத்தினத்துக்குத் தான் செய்தது உறைத்தது.

அவர் கை நீண்ட பக்கம் தங்கமணி திரும்பினார். "அது காத்தமுத்தல்லோ? கருப்பம்மாளோட அண்ணன்னு சொன்னீங்க?"

காத்தமுத்து எழுந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அய்யா, நான் கைநாட்டுங்க. பாட்டெழுதுற மூஞ்சியா இது? ராஜரத்தினம் தண்ணி போட்டிருக்காருங்க."

சொட்டுச் சாராயம் தொட்டறியாத மனிதர் ராஜரத்தினம். லயத்துக்கே தெரியும்.

"ஏனப்பா, நெசமா?" என்றார் தங்கமணி.

"ஆமாங்க. கொஞ்சம் கூடிப்போச்சுங்க."

"அப்பறம் அந்தப் பாட்டு எழுதுனது யாரு?"

மைக் இன்னும் கையில்தான் இருந்தது. காத்தமுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சல்தான் இருந்தது. தன் பாட்டைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்படி ஒரு மனிதன் கெஞ்சினான்.

"தெரியாதுங்க," என்றார் ராஜரத்தினம். எதிர் மலையில் மோதி அவர் குரலே திரும்பி வந்தது. "யாரோ எழுதுனதுங்க."

ஜனம் சிரித்தது. தங்கமணியும் சிரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அன்றைக்குக் காத்தமுத்து குடும்பம் பிழைத்தது அந்தச் சிரிப்பால்தான். கீழே இறங்கியவரிடம் தெய்வம்மா, "என் தலையிலதானே சத்தியம் அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

காத்தமுத்து பிறகும் அதே லயத்தில்தான் இருந்தார். பேச்சை முறித்துக்கொள்ளவும் இல்லை. ரேடியோவில் குடைப் பாட்டு வரும்போதெல்லாம் கடையில் யாராவது, எழுதியவர் யார் என்று கேட்பார்கள். ஏனென்றால் அப்படிக் கேட்க வேண்டுமென்று அவர்களுக்குப் பழக்கிவிட்டவரே ராஜரத்தினம்தான்.

"அவரக் கேளுங்க," என்பார் காத்தமுத்து. "அவருக்குத்தான் எல்லாப் பேரும் தெரியும்."

ராஜரத்தினம் டம்ளரைச் சத்தமில்லாமல் பலகையில் வைப்பார். "தெரியாதுங்க," என்பார்.