நாலு சொல்லில் ஒரு குடும்பம்

மதுரையில் பேச்சுக்குப் பெயர் அதிகம். ஆண்கள் டீக்கடையில் நின்று பேசினால் அரட்டை. அதையே பெண்கள் வாசலில் நின்று பேசினால் புறணி. குரல் கொஞ்சம் உயர்ந்தால் சலம்பல், கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் அலப்பறை. என் கணவர் இவை எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். தல்லாகுளத்தில் கோர்ட்டுப் பக்கம் டைப்பிங் கடை வைத்திருந்தார். மனு அடிக்கப் பத்து நிமிஷம், மனு கொடுத்தவரோடு பேச்சு ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் மட்டும் மனுஷனுக்கு வாய் வலிக்கும். எனக்கு அதில் ஆத்திரம் உண்டு. இன்றைக்கும் உண்டு.

நாலு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் தேறியது. பேச்சில் திரும்பி வந்தவை நாலே நாலு: வாங்க, நல்லாருக்கேன், சாப்டாச்சா, அப்புறம். ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகியது தானாக வாயில் வந்துவிடும், யோசித்துச் சொல்ல வேண்டியதுதான் வராது என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டும் என்றாலும் "சாப்டாச்சா"தான். வயிற்று வலியில் சுருண்டு கிடந்த அன்றும் "நல்லாருக்கேன்" என்றுதான் சொன்னார். ஒரு நாள் என் பெயரைச் சொல்லப் பார்த்தார். உதடு என்னென்னவோ செய்தது. கடைசியில் "வாங்க" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் இந்த நாலு சொல் ஊருக்குப் போதுமாக இருந்தது. கோச்சடையில் எங்கள் தெருவே வந்து விசாரித்துப் போனது. வருகிறவர்களை "வாங்க" என்பார். எப்படி இருக்கீங்க என்றால் "நல்லாருக்கேன்". உட்கார்ந்ததும் "சாப்டாச்சா?" மிச்சப் பேச்சை வந்தவர்களே பார்த்துக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் மருமகன் கதையை அரை மணி நேரம் சொன்னார். அவர் மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து இவர் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே செருப்பை மாட்டும்போது எதிர்வீட்டுக்காரர் என்னிடம், சாருக்கு ஒன்றுமே இல்லை, பேச்செல்லாம் தெளிவாக இருக்கிறது, நீங்கள்தான் இளைத்துவிட்டீர்கள் என்றார். நான் சிரித்து வைத்தேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

என் தலைவலி வேறு. எனக்கு அலுவலகம் தல்லாகுளத்தில். இருந்த லீவெல்லாம் எடுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகலில் இவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனால், கீழே விழுந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவார்? "நல்லாருக்கேன்" என்று கத்துவாரா?

அலங்காநல்லூரில் இவர் தம்பி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோதே, எப்போது கூப்பிட்டாலும் வந்து கூட இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். நான் அவரைத்தான் நம்பியிருந்தேன். வியாழக்கிழமை அவரே போன் செய்து, முதலில் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இவர் நாலு சொல்லையும் வரிசை தப்பாமல் சொன்னார், "அப்புறம்" மட்டும் மூன்று தடவை. போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது தம்பி குரலில் அம்புட்டு சந்தோஷம். அண்ணன் பழையபடி பேசுகிறாரே, நான் வேறு பயந்துகொண்டே இருந்தேன் என்றவர், "அப்ப நான் வரணுமா மதினி, எப்படி?" என்றார்.

வா என்று சொல்ல வேண்டியதுதானே? நான் சொன்னது, "எதுக்குத் தம்பி, ஒங்க வேலையக் கெடுத்துக்கிட்டு. பாத்துக்கிறலாம்."

எங்கள் பக்கம் அப்படித்தான். ஒருவர் உதவுகிறேன் என்றால் உடனே சரி என்பது மரியாதை இல்லை. முதலில் வேண்டாம் என்போம். அவர் அதெல்லாம் முடியாது, வந்தே தீருவேன் என்பார். பிறகு அரை மனசாகச் சம்மதிப்பது போல் சம்மதிப்போம். நான் என் பங்கைச் சரியாகச் செய்துவிட்டேன். அவர்தான் அவர் பங்கை மறந்துவிட்டார். சரி மதினி என்று வைத்துவிட்டார். என் வாயில் இடி விழ என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை. வெள்ளி போனது, சனியும் போனது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரே மறுபடி கூப்பிட்டார். "நல்லாருக்கீங்களா மதினி?"

என் வாயிலும் "நல்லாரு" வரைக்கும் வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒன்றுதான் வரும். எனக்கு என்ன கேடு?

"இல்ல தம்பி. நான் நல்லால்ல."

மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். அவருக்கு நாலு சொல்தான் வருகிறது, அது பேச்சே இல்லை, இன்றோடு எனக்கு லீவு முடிகிறது, என்னால் முடியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. இருங்க மதினி, வாரேன் என்றார்.

ஒரு மணி நேரத்தில் டூவீலர் வாசலில் நின்றது. வெறுங்கையோடு இறங்கினார், பை எதுவும் இல்லை. பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இவர் "வாங்க" என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார், இதற்கா அழுதீர்கள் என்பது போல. பிறகு அண்ணனுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, சின்ன வயசுல நாம வளத்த காளைக்கு என்ன பேரு வச்சோம்?"

இவர் வாய் திறந்து மூடியது. நெற்றி நரம்பு புடைத்தது. இடது கையால் தொடையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நல்லாருக்கேன்" என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து வாசலுக்குப் போய், வீட்டுக்கு போன் போட்டு, தன் துணிமணியை ஒரு பையில் எடுத்து வைக்கச் சொன்னார், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாராம். திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். இவர் அவர் முகத்தைப் பார்த்து, "சாப்டாச்சா?" என்றார்.

"இல்லண்ணே. காலையிலேருந்து ஒண்ணும் சாப்டல."

நாலு மாதத்தில் அந்தக் கேள்விக்கு நிஜத்தைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.