பழைய கேபிள்

டேல் நோஸ்கி எந்தப் பட்டியலையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பான். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான வயாலாவில் கேம் விளையாட கம்ப்யூட்டர் சேர்க்க நினைக்கிறவர்கள், வேண்டிய பாகங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு முதலில் அவன் கராஜுக்குப் போவார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது, ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. உருக்காலையில் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவன், செம்புழுதி படிந்த பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தாளை வாங்குவான். எல்லார் பட்டியலிலும் முதல் வரி கிராஃபிக்ஸ் கார்டு. கடைசி வரி, எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை. நோஸ்கியின் பென்சில் அந்தக் கடைசி வரியில் போய் நிற்கும்.

"இது என்னய்யா?"

"அது ஏதோ ஒண்ணு. ஆஃபர்ல கெடச்சுது."

"இருதயத்தையும் ஆஃபர்லதான் வாங்குவியா?"

கசாப்புக் கடை வேய்ன் இந்தக் கேள்விக்கு ஒருமுறை சிரித்துவிட்டான். அவன் பட்டியலை நான்காக மடித்து அவன் சட்டைப் பையிலேயே திணித்து வெளியே அனுப்பினான் நோஸ்கி. வாய் அப்படி. பெண்டாட்டி அடிலெய்டுக்குப் போய்விட்டதற்கும் அந்த வாய்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அவன் தேர்ந்தெடுத்துச் சேர்த்த பெட்டி ஒன்றும் படுத்ததில்லை. நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில், எல்லார் வீட்டிலும் பெட்டி திணறி அணையும் ஜனவரியில், நோஸ்கி கட்டிய பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். கூலியாக இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் இரண்டு, பீர் ஒன்று. அதற்கு மேல் நீட்டினால் திட்டுவான்.

பேச்சுக்குப் பேச்சு அவனுக்கு ஈடு கொடுத்தவன் கோரி பாஸ்கோ ஒருவன்தான். நோஸ்கி, நான், அவன் என்ற எங்கள் மூவரிலும் இளையவன். வியாழக்கிழமை தோறும் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் மூவரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ஒரே அணியாக விளையாடுவோம். கோரி தன் பெட்டிக்குத் தானே பாகங்கள் தேர்ந்தெடுத்தான். கலர் விளக்கு எரிகிற கார்டு, விளக்கு எரிகிற விசிறி, விளக்கு எரிகிற ராம் மெமரி. பணமெல்லாம் அதிலேயே தீர்ந்துபோய், பவர் சப்ளை பேர் தெரியாத ஒரு கம்பெனியுடையது.

"கிறிஸ்துமஸ் மரமாடா கட்டப்போற?" என்றான் நோஸ்கி.

"நீ வந்து கீழ உக்காரு, பரிசுப் பொட்டலம்னு நெனச்சுக்கறேன்."

நோஸ்கி தன் வாழ்நாளில் விட்டுக்கொடுத்த ஒரே பவர் சப்ளை அது. ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் சேர்ந்து கட்டினார்கள். நோஸ்கிக்குப் பின்பக்கத்துக் கேபிள்கள் தலை வாரிவிட்ட மாதிரி இருக்க வேண்டும். பாதியில் கேபிள் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டிகள் தீர்ந்துபோக, கோரி சமையலறைக்குப் போய் ரொட்டிப் பைகளின் வாயைக் கட்டுகிற கம்பிகளைப் பொறுக்கி வந்து, மீதியை அவற்றால் கட்டினான். நோஸ்கி தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் பிரிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாதம், போர்ட் அகஸ்டா சாலையில் கங்காரு குறுக்கே வந்து கோரியின் கார் உருண்டது. அவன் அங்கேயே போய்விட்டான். காரோடு அவன் கைபேசியும் எரிந்துபோனது. மகள் டெஸ்ஸாவுக்கு அப்போது மூன்று வயது. நாங்கள் அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் விளையாடவில்லை. இரண்டு பேராக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தோம், கால் மணி நேரம்கூட முடியவில்லை.

இந்த மார்ச்சில் கோரியின் மனைவி ரெனே நோஸ்கியைக் கூப்பிட்டாள். டெஸ்ஸா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அப்பா குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாளாம். வீட்டில் போட்டோக்கள் ஏராளம், குரல் இல்லை. கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது, அதில் மேலே பாட்டைப் போட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டார்கள். ஆனால் கோரி வியாழக்கிழமை ஆட்டங்களை எல்லாம் குரலோடு பதிவு செய்து அந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். மூன்று வருடத்து வியாழக்கிழமைகள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு அறிமுகம் செய்தது உட்பட எல்லாம் அதில் இருந்தது. வேறெங்கும் அதற்கு நகல் இல்லை. பெட்டியை இப்போது போட்டால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றாள்.

"பவர் சப்ளைதான். வேற என்ன?" என்றான் நோஸ்கி என்னிடம். "அப்பவே சொன்னேன் அந்தக் கழுதைகிட்ட."

அவன் அதற்காகத் தேர்ந்தெடுத்தது கடையில் இருந்ததிலேயே உயர்ந்தது. மூன்று நாள் படித்துப் பார்த்து, ஆள் ஆளாக விசாரித்து, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி அலைந்து வாங்கினான். தன் பெட்டிக்குக்கூட அவ்வளவு நல்லது வைத்துக்கொண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனோம். ரெனே எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, டெஸ்ஸாவை நீச்சலுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் குழந்தை திரும்பி, "வந்ததும் கேக்கலாமா?" என்று கேட்டது. "வந்ததும் கேக்கலாம்" என்றான் நோஸ்கி.

பின்மூடியைக் கழற்றினான். உள்ளே அந்த ரொட்டிப் பைக் கம்பிகள். ஒவ்வொன்றும் கோரி முறுக்கிய முறுக்கோடு அப்படியே இருந்தன. நோஸ்கி கத்தரியை எடுத்தான், மறுபடி கீழே வைத்தான்.

"வெட்ட மனசு வரலடா லாய்ட்."

"அப்ப விட்டுடு. கேபிள் சப்ளை பக்கம் தனியா கழலுதில்ல. சப்ளைய மட்டும் மாத்து. ஒரு மணிக்கு மேட்ச் வேற இருக்கு" என்றேன்.

சொன்னது நான்தான். இதை எழுதுவதே அதற்காகத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம். கழற்றி மாட்டுகிற கேபிள்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், சொருகினால் சரியாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் எந்த ஓட்டையில் எந்த மின்சாரம் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போய்விடும். பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிளை முதலில் குப்பையில் போடு என்று ஊரில் நூறு பேருக்காவது சொன்னவன் நோஸ்கி. அவன் வாயிலிருந்து கேட்டே எனக்கும் தெரியும். பதிவுகள் இருக்கிற டிஸ்கைக் கழற்றி முதலில் நகல் எடு என்பதும் தெரியும். தெரிந்த இரண்டு கிழட்டு முட்டாள்கள், செத்துப்போனவன் முறுக்கிய நாலு கம்பியைக் காப்பாற்றுகிறோம் என்று நின்றுகொண்டிருந்தோம்.

நோஸ்கி புதியதை வைத்தான். பழைய கேபிள்களை ஒவ்வொன்றாகச் சொருகினான். ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டான்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. நகத்தைச் சுண்டின மாதிரி ஒன்று. பிறகு வாடை. பெட்டிகளோடு பழகியவனுக்குத் தெரியும், சில்லு கருகுகிற வாடை அது. நோஸ்கி பிளக்கைப் பிடுங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கேபிளின் முனையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானாடா?" என்றான். "நானே இதச் செஞ்சனா?"

ரெனேயிடம் சொல்லிவிட்டு, அழிந்த பதிவுகளை மீட்கிற அடிலெய்டுக்காரர் ஒருவருக்கு டிஸ்கை அனுப்பினோம். எட்டு வாரம் வைத்திருந்தார். இடையில் நோஸ்கி பட்டியல் பார்ப்பதை நிறுத்திவிட்டான். தாளோடு வருகிறவர்களிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பான். முதலில் எல்லாரும் வேடிக்கை என்று நினைத்தார்கள். வேய்ன் மட்டும் இரண்டு தடவை வந்து, திட்டு கிடைக்கும் என்று காத்து நின்று, திட்டே கிடைக்காமல் திரும்பிப் போனான். கராஜ் கதவு இப்போதும் சாத்தியே இருக்கிறது.

ஜூனில் கடிதம் வந்தது. நினைவுச் சில்லுகளே கருகிவிட்டன, எதையும் எடுக்க முடியாது என்று இரண்டு வரி. நோஸ்கி அதைக் கையில் எடுத்துக்கொண்டு ரெனே வீட்டுக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

ரெனே படித்தாள். அடுப்பில் டெஸ்ஸாவுக்கு மீன் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. அவள் கத்துவாள் என்று இருவரும் எதிர்பார்த்தோம். கத்தவில்லை.

"நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல" என்றாள். "இந்த மார்ச் வரைக்கும் அந்த ரூமுக்கே போகல. கேக்கற தெம்பு வரட்டும்னு வச்சிருந்தேன். அங்கதான இருக்கு, எங்க போயிடப்போகுதுன்னு."

"ரெனே, எல்லாம் என் தப்பு" என்றான் நோஸ்கி.

"இல்ல, நான்தான் சொன்னேன், நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றேன்.

"யார் தப்புன்னு நான் கேக்கல." அடுப்பை அணைத்தாள். "விளையாட்டுல அவன் அடிபட்டு விழறப்பெல்லாம் ஒண்ணு கத்துவான். ஹால்ல இருக்கற எனக்குக் கேக்கும். சத்தம்தான் கேக்கும், வார்த்தை புரியாது. உங்க ரெண்டு பேர் காதுலதான கத்தினான். என்ன சொல்லுவான்? அத மட்டுமாவது சொல்லுங்க. டெஸ்ஸாகிட்ட சொல்லணும்."

நோஸ்கிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. கொடுக்க ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறதே என்ற ஆறுதல். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"'நான் செத்தேன், என்ன விட்டுட்டு ஓடுங்கடா!' அப்படித்தான் கத்துவான். ஒவ்வொரு தடவையும்."

"அப்படி இல்லடா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. "'நான் செத்தேன், ஓடாதீங்கடா, வந்து தூக்குங்கடா'ம்பான்."

"ஓடச் சொல்லுவான்."

"கூப்பிடுவான்டா. நாம திரும்பிப் போய்த் தூக்குவமே!"

"அவன் ஓடச் சொன்னப்புறமும் நாமளா போனோம்டா."

மூன்று வருடம், வாரம் தவறாமல், அவன் குரல் என் இந்தக் காதுக்குள் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடினேன். எனக்குக் கேட்டதெல்லாம் சற்று முன் நானே சொன்ன குரல்தான்.

ரெனே எங்களை மாறி மாறிப் பார்த்தாள். டெஸ்ஸா உள்ளேயிருந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுல எது?" என்றாள் ரெனே.

எங்களுக்குத் தெரியவில்லை.